வண்டியில் மாற்றம் ஏதும் உண்டா?

சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்து என் காரின் முதுகில் இடித்தது. இடித்த வேகத்தில் கார் முன்னால் பாய்ந்தது. அங்கே சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். பிரேக்கை முழங்கை வலிக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை ஒடித்து, நடுச்சாலைத் தடுப்புச் சுவரில் கொண்டுபோய் முட்டினேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. லாரிக்காரன் இறங்கி வந்து, நான் உயிரோடு இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, ஏறிப் போய்விட்டான். அவன் நம்பர் பலகை முழுக்கச் சேறு. இதில் என் தப்பு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பதுதான் என் தொழில், அதனால் இதை உறுதியாகவே சொல்வேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் கிடைத்துவிட்டது. ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வாகனத்தில் செய்யப்பட்ட மாற்றம் முறைப்படி அறிவிக்கப்படாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, புரிதலுக்கு நன்றி. அந்தப் புரிதலுக்கு நன்றியைப் படித்தபோதுதான் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நான் எதையும் புரிந்துகொள்ளவில்லை, எனக்கு எதற்கு நன்றி?

அந்த மாற்றம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் வலது கால் இரண்டு வயதிலேயே போலியோ வந்து வேலையை விட்டு நின்றுவிட்டது. நடப்பேன், சாய்ந்து சாய்ந்து, வலது செருப்பின் அடியில் இரண்டு அங்குலம் கட்டை வைத்து. ஆனால் பெடலை மிதிக்க முடியாது. அதனால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. தன் பக்கம் இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக். மற்றபடி பெடல்கள் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன, வேறு யார் வேண்டுமானாலும் காலால் ஓட்டலாம். அந்தக் கைப்பிடியைத்தான், சேதத்தைப் பார்க்கக் கம்பெனி அனுப்பிய ஒரு சர்வேயர் போட்டோ எடுத்துக்கொண்டு போய், நானென்னவோ டிக்கியில் பீரங்கி ஒளித்து வைத்திருந்த மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கார் வருவதற்கு முன்னால் ஐந்து வருடம் என் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். அவருக்கு எட்டரைக்கு ஆபீஸ், அதனால் எட்டு மணிக்கே என்னை இறக்கிவிட்டுப் போவார். எங்கள் கண்ணாடிக் கடை திறப்பது ஒன்பதரைக்கு. ஒன்றரை மணி நேரம் மூடிய ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் போகிறவர்களில் யாராவது மாதத்துக்கு ஒருமுறை என் பக்கத்தில் சில்லறை வைத்துவிட்டுப் போவார்கள். கார் வந்த அன்றைக்கு அது நின்றது. ஆறு வருடம் ஒன்பது இருபதுக்குக் கடை வாசலில் காரை நிறுத்தி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு இறங்கினேன். விபத்துக்குப் பிறகு மறுபடி பைக், மறுபடி அதே படி. மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் குனிந்து சில்லறை வைத்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பாவம், எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனவே இந்தக் கடிதம் எனக்கு வெறும் கடிதம் இல்லை. ரிப்பேருக்கு மெக்கானிக் சொன்ன தொகை வண்டியின் பாதி விலை. கம்பெனி கொடுக்காவிட்டால் வண்டி அவர் ஷெட்டிலிருந்து நேராக உடைக்கிற இடத்துக்குத்தான் போகும். அதையும் அவர் மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். எண் ஒன்றை அழுத்தவும், மூன்றை அழுத்தவும் என்று அழுத்த வைத்துவிட்டு, கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். நின்ற வண்டியை ஒருத்தன் வந்து இடித்ததற்கும் என் பிரேக் கையில் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, அறிவித்திருக்க வேண்டும் என்றாள். அறிவித்திருக்கிறோம், படிவத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்றாள். உங்கள் கணினியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்றேன். அதன் பிறகு அவள் என் அழைப்புக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். நான்கு நாள், நான்கு பேரோடு சண்டை. கடையில் வில்லை தேய்க்கிற சத்தத்தையும் மீறி என் சத்தம் கேட்டது என்று முதலாளியம்மா சிரித்தார்.

எனக்கு அவ்வளவு நிச்சயம், ஏனென்றால் படிவம் நிரப்பியவர் என் கணவர். எங்கள் வீட்டில் படிவம் என்றால் அவர்தான். காஸ் இணைப்பாகட்டும், வங்கியாகட்டும், மெனக்கெட்டு உட்கார்ந்து, ஒரு எழுத்துகூடக் கட்டத்துக்கு வெளியே போகாமல் நிரப்புவார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். நான் குறியைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டே போவேன். பதினோரு வருடத்தில் ஒரு தாளைக்கூடப் படித்ததில்லை. வில்லையில் நூலளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேய்க்கிறவள் நான். என்னுடைய கையெழுத்து எதற்குக் கீழே போகிறது என்று மட்டும் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மதியம் கடையில் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் படிவத்தின் நகலைக் கொடுத்தார். மூன்றாம் பக்கம், பதினான்காம் கேள்வி. வாகனத்தில் தயாரிப்பாளர் வழங்கியதற்கு மேல் மாற்றம் அல்லது கூடுதல் கருவி ஏதும் உண்டா? உண்டு, இல்லை. இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக். வால் மேலே சுருண்டு போகிற டிக். மளிகைச் சீட்டில் வாங்கிய சாமானுக்கெல்லாம் அந்த டிக்தான் விழும். கீழே என் கையெழுத்து. அதற்கடுத்த ஐந்து வருடத்தின் புதுப்பிப்புத் தாள்களிலும் அதே கேள்வி, அதே டிக், அதே நான்.

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். நான்கு நாள் திட்டிய அந்த நான்கு பேரையும் நினைத்து வெட்கமாக இருந்தது. வெட்கம் பஸ் வருகிற வரைக்கும்தான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அதற்கு முகவரி தெரிந்திருந்தது.

அவர் வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றி, முகம் கழுவி வரும் வரை பொறுத்தேன். சாப்பாட்டு மேசையில் நகலை விரித்து, பதினான்காம் கேள்விமேல் விரலை வைத்தேன். பார்த்தார். துண்டால் ஏற்கெனவே துடைத்த முகத்தை மறுபடி துடைத்தார். அவசரத்தில் போட்டிருப்பேன் என்றார். ஆறு வருடமும் அவசரமா என்றேன். முதல் வருடத்தைப் பார்த்துத்தான் மற்றதையும் நிரப்பினேன் என்றார். முதல் வருடம் ஏன் என்றேன். மென்று விழுங்கினார். நானும் விடவில்லை. கடைசியில் வந்தது.

"அவன் எதிர்ல உக்காந்திருந்தான். எப்படி எழுதறது?"

அவன் என்றால் ஏஜென்ட். என் கணவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர். சட்டைப்பையில் எப்போதும் நான்கு பேனா குத்தியிருப்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் நாலு பேனா. கார் வாங்கிய வாரம் படிவத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். அன்றைக்கு நான் இதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொண்டுவர எழுந்தபோது, நீ உட்கார் என்று தோளில் கை வைத்து அழுத்திவிட்டு என் கணவரே போய்க் கொண்டுவந்தார். எவ்வளவு அக்கறை என்று எனக்கு அன்றைக்குப் பூரிப்பு.

"எழுதினா என்ன? ஏன்னு கேப்பாரு. என் பொண்டாட்டிக்கு வலது கால் வராதுன்னு சொல்லணும். அவ்வளவுதானே?"

"அவனுக்குத் தெரியாது."

"எது?"

அவர் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். கூடப் படித்த நண்பனுக்கு என் கால் தெரியாது. கல்யாணத்தன்று அவர் வந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு எங்கே பார்த்தபோதும் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எந்த விசேஷமானாலும், யார் வீட்டு விருந்தானாலும், நாங்கள்தான் முதல் ஆளாகப் போவோம். நாற்காலி விரிப்பதற்கு முன்னாலேயே போய் நிற்போம். எல்லோரும் போன பிறகு கடைசியாகக் கிளம்புவோம். கடிகாரத்தை விழுங்கிய மனுஷன் என்று நான் இவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. நேரம் தவறாதவர் என்று அம்மாவிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன். நான் நடந்து உள்ளே வருவதை யாரும் பார்க்கக் கூடாது, நடந்து வெளியே போவதையும் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் அந்த நேரம் தவறாமை.

"மறைச்சிருக்கீங்க," என்றேன்.

"மறைக்கல. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"பதினாலாவது கேள்வில கேட்டாங்களே?"

எனக்கு அழுகை வரவில்லை. மேசையைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போலிருந்தது. இந்த ஆள் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். குளிர்காலத்தில் என் கால் விறைத்துப் போனால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து விடுகிறவர் இவர்தான். என் செருப்புக்குக் கட்டை வைக்க ஊர் முழுக்க ஆள் தேடியவரும் இவர்தான். வீட்டுக்குள் என் காலைத் தன் கால் மாதிரி பார்த்துக்கொள்கிறவர், வாசலைத் தாண்டினால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று டிக் போடுகிறார்.

மறுநாள் மாலை நாலு பேனா வந்தார், ஏதாவது வழி பண்ணலாம் என்று என் கணவர் கூப்பிட்டிருந்தார். அழைப்பு மணி அடித்ததும் இவர் எழுந்தார். நீங்க உக்காருங்க என்றேன். நானே போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சமையலறைக்கு நடந்தேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். தட்டு வைக்க மறந்த மாதிரி இன்னொரு நடை நடந்தேன். நாலு பேனா முகத்தில் உண்மையான கவலை.

"என்ன தங்கச்சி, கால்ல இவ்வளவு அடியா? நீ சொல்லவே இல்லையேடா மச்சான்."

"அடி இல்லண்ணே," என்றேன். "இது ரெண்டு வயசுலேர்ந்து இப்படித்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் தண்ணீர் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், நாலு பேனா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தொழில்காரர் அல்லவா, அடக்க முடியாமல் ஒன்று சொன்னார். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், கம்பெனியே அந்தக் கைப்பிடியையும் சேர்த்துக் காப்பீடு செய்திருக்கும், அதற்குக் கூடுவது ஒரு சினிமா டிக்கெட் காசு. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். நான் ஆறு வருடம் ஒன்பது இருபதுக்குக் காரில் வந்து இறங்கியதை, ஒரு சினிமா டிக்கெட் காசில் காப்பாற்றியிருக்கலாம்.

பிறகு நாலு பேனா ஒரு வழி சொன்னார். கிளை மேனேஜர் ஒரு அம்மா, தனக்குத் தெரிந்தவர், இளகின மனசு. கோப்பில் ஓட்டியவர் யார் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. விபத்து நேரத்தில் கைப்பிடி பயன்பாட்டில் இல்லை, பெடலை மிதித்துத்தான் வண்டி ஓடியது என்று வாக்குமூலம் இருந்தால், அந்தக் கருவிக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதிப் பரிந்துரைத்து விடுவார். அதாவது மச்சான் ஓட்டினான், தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனதும் இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரே ஒரு வார்த்தைதான். வண்டி திரும்ப வந்துடும்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அடுத்த இரண்டு நாளும் ஷட்டர் படியில் உட்கார்ந்து, அவர்தான் ஓட்டினார், அவர்தான் ஓட்டினார் என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கூடப் பார்த்தேன். நாக்கில் பெரிதாக ஒன்றும் இடறவில்லை.

மேனேஜர் அம்மாவின் அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் சிரிக்கிற குடும்பத்தின் படம் போட்ட காலண்டர். நாலு பேனா கதவோரம் நின்றுகொண்டார். மேனேஜர் அம்மா கோப்பைப் பிரித்து, சம்பவத்தை ஒருமுறை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். பொதுவாகத்தான் கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தது என் கணவர்.

ஆரம்பத்தில் திக்கினார். பிறகு சூடு பிடித்துவிட்டது. சிக்னலில் நின்றாராம். பின்னால் இடித்ததாம். முன்னால் ஆட்கள். கண்ணிமைக்கிற நேரத்தில் முடிவு பண்ணி, பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, சுவரில் விட்டாராம். கையையெல்லாம் சுற்றிக் காட்டினார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சொன்னதை, ஒன்று விடாமல், தன்னுடையதாக்கிச் சொன்னார். மேனேஜர் அம்மா, நல்ல வேளை, சமயோசிதமா பண்ணியிருக்கீங்க சார் என்றார். இவர் முகத்தில், பொய் என்று அவருக்கே மறந்துபோய், ஒரு வெளிச்சம் வந்தது.

"இவ பக்கத்துல இருந்தா மேடம். பயந்து போய்க் கண்ணை மூடிக்கிட்டு ஒரே கத்தல்."

கத்தவில்லை. நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

"நான்தான் ஓட்டினேன்," என்றேன்.

மேனேஜர் அம்மாவின் பேனா நின்றது. என் கணவர் மேசைக்கடியில் என் முழங்காலைத் தொட்டார், வலது முழங்காலை. அந்தக் காலுக்கு அசைவுதான் கிடையாது, உணர்ச்சி உண்டு. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

"இவர் அன்னைக்கு அந்த ரோட்டுலயே இல்ல மேடம். எனக்கு வலது கால் வராது. கையாலதான் ஓட்டுவேன். லாரி இடிச்சப்பவும் கையாலதான் பிரேக் போட்டேன். கையால போட்டதாலதான் அத்தனை பேரும் பொழைச்சாங்க."

மேனேஜர் அம்மா கோப்பை மூடினார். கோபப்படவில்லை. இதை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றார். தெரியும் என்றேன். இனி நிராகரிப்பு நிராகரிப்புதான், மேல் அலுவலகத்துக்கு எழுதினாலும் இதேதான் வரும் என்றார். அதுவும் தெரியும் என்றேன். அப்படியானால் சொன்னதை எழுத்தில் கொடுங்கள், கீழே ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும் என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

எழுதினேன். ஆறே வரி. எழுதி முடித்துத் தாளை என் கணவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்து மட்டும் போடுவார் என்றுதான் நினைத்தேன். சாட்சி என்ற இடத்துக்கு மேலே, நுணுக்கி நுணுக்கி, நான்கு வரி எழுதினார். நாலு பேனா கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார், இவர் கையை வைத்து மறைக்கவில்லை. மேனேஜர் அம்மா அதை வாங்கி வாய்விட்டே படித்தார். என் மனைவிக்கு வலது கால் செயல்படாது. வண்டியில் கைக்கருவி இருப்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். படிவத்தில் இல்லை என்று குறித்தது நான். அவர் நன்றாக ஓட்டுவார்.

கடைசி வரி தேவையில்லை சார் என்றார் மேனேஜர் அம்மா. இருக்கட்டும் மேடம் என்றார் இவர்.

வெளியே வந்தோம். அலுவலக வாசலில் ஏழு படிகள். பகல் நேரம், படி முழுக்க ஆட்கள். நான் ஒவ்வொன்றாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கினேன். அவர் எனக்கு முன்னால் ஓடவில்லை, பின்தங்கவும் இல்லை, பக்கத்திலேயே வந்தார். கடைசிப் படியில் நின்று என் முகத்தைப் பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி ஒரு பார்வை.

"எழுதிட்டேன்ல," என்றார்.

"எழுதிட்டீங்க. இதை ஆறு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருந்தா, இப்ப உங்களை நான் கார்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அவர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.